தமிழுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்

"பிள்ளை அனைத்துலகப் பள்ளியில் படிக்கிறான், இனி தமிழ் எதற்கு?" சுங்காயில் என்னிடம் இப்படிக் கேட்கும் பெற்றோர் உண்டு. வானொலியில் தமிழ் பேசிப் பிழைப்பவள் நான். பால்மரம் வெட்டிய பாட்டி தமிழில் பேச, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

நம் நாட்டில் தமிழ்க்கல்வி தொடங்கியதே ஓர் ஆங்கிலப் பள்ளியில்தான். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பிறகு வந்தவை.

தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு 1996 கல்விச் சட்டம் வழிவிடுகிறது. அனைத்துலகப் பள்ளியிலும் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். ஐ.பி. டிப்ளோமா கல்வித்திட்டத்தில், தாய்மொழி ஆசிரியர் இல்லாவிட்டாலும் பள்ளியின் மேற்பார்வையில் மாணவர் தம் மொழி இலக்கியத்தைத் தாமே படித்துத் தேர்வெழுதலாம்.

பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம், சீருடை, பேருந்து எல்லாம் விசாரிக்கிறோம். "என் பிள்ளை தமிழ் படிக்க என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால், நாலு பெற்றோர் சேர்ந்து போங்கள். கேட்காத வகுப்பை எந்தப் பள்ளியும் தானாகத் திறக்காது.