பறிக்காமல் பயில்வோம்!

கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் நம் குடும்பங்கள் ஏராளமான நிழற்படங்களுடன் இல்லம் திரும்புகின்றன. அவற்றுள் அம்மலைக்கே உரிய செடியொன்றின் படம் உண்டா? இருந்தாலும், அதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மால் இயலுமா?

இக்குறையைப் போக்க விரும்பி, நம் பங்கின் இளைஞரும் பெற்றோரும் சிலர் ஒன்றுசேர்ந்து அம்மலையில் ஒரு பகற்பொழுது நடந்தோம். கைப்பேசிகளும் ஒரு குறிப்பேடுமே நம் கருவிகள். "படம் எடுங்கள், எதையும் பறிக்க வேண்டாம்" என்பதே உடன் வந்த தாவரவியல் ஆசிரியரின் கட்டளை.

மலரை மட்டும் படமெடுத்தால் அழகு கிடைக்கும், அடையாளம் கிடைக்காது. முழுச்செடி, தண்டில் இலைகள் அமைந்துள்ள முறை, இலையின் இருபுறங்கள், மலரின் முகமும் பக்கவாட்டும், காய், பட்டை ஆகிய அனைத்தும் தேவை. குறிஞ்சியின் இலைகள் எதிரெதிராக இணைந்து நிற்பவை. காட்டுப்பூவரசின் இலைகளோ கிளைநுனியில் கொத்தாக அமைந்தவை. அவற்றின் அடிப்புறம் பழுப்பேறியிருக்கும். பொறுமையாகப் பார்ப்பவருக்கே இவ்வேறுபாடுகள் புலப்படும்.

அன்று நம்மைத் திடுக்கிடச் செய்த உண்மை ஒன்றுண்டு. நாம் "காடு" என்று வியந்து படமெடுத்தவற்றுள் பெரும்பகுதி வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மரங்களே! முதலிரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. பட்டைக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்ட வாட்டில், தானே பரவிப் புல்வெளிகளை மூடிவிட்டது. புல்வெளியைத் தரிசு நிலமென எண்ணியதே இதற்குக் காரணம். உண்மையில் புல்வெளியும் சோலைக்காடும் சேர்ந்தே மழைநீரைத் தாங்கி, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகின்றன. பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியும் திறந்த புல்வெளிக்கு உரியதே. 2018இல் அது பூத்தது. அடுத்த முறை 2030. அதற்குள் எஞ்சிய புல்வெளிகளையும் இழந்துவிடலாமோ?

இம்மலைச் செடிகளை அறிய உழைத்தவர் நம் திருச்சபையிலும் உண்டு. செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு லூயி ஆங்லாட் அவற்றை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அதே சபையைச் சேர்ந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ, உலர்த்திய செடிகளைக் காக்கும் ராபினாட் ஹெர்பேரியத்தைத் திருச்சி தூய வளனார் கல்லூரியில் வளர்த்தார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1999இல் வெளிவந்தது. அவர்கள் தூரிகையாலும் தாளாலும் பல்லாண்டுகள் செய்த பணியில், ஒரு சிறு பங்கினை இன்று கைப்பேசி நமக்கும் அளித்திருக்கிறது.

பெற்றோரே, இதற்கு மலையேறத்தான் வேண்டுமென்பதில்லை. ஆலய வளாகத்துத் தும்பையும், வேலியோரத்து ஆவாரையும், ஆற்றங்கரை நொச்சியும் காத்திருக்கின்றன. வரும் ஞாயிறு மாலை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு செடி, ஆறு படங்கள், ஒரு பெயர், அது போதும். பெயர் அறிந்த செடியைக் களையென்று வெட்டியெறிய எவருக்கும் எளிதில் மனம் வராது.