உயிரணுவின் நூலைப் படிக்கும் புரதங்கள்

தமிழில் நூல் என்னும் சொல்லுக்கு இழை என்றும் ஏடு என்றும் இரு பொருள் உண்டு. மாணவ நேயர்களே, உட்கருவுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் இவ்விரண்டுமாய் விளங்குவது டி.என்.ஏ. வடிவத்தால் அது இழை. நீட்டினால் மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். பயனால் அது ஏடு. புரதங்களை ஆக்கும் குறிப்புகள் அதில் அடங்கியுள்ளன.

அத்துணை நீளமான இழை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறிய உட்கருவுக்குள் அடங்குவது எங்ஙனம்? ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு கூடி ஓர் உருளை ஆகின்றன. இழை அதன்மேல் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மிகுதியாகச் சுற்றிக் கொள்கிறது. இவ்வாறு இழையும் உருளைகளும் சேர்ந்த தொகுதியே குரோமாட்டின்.

இறுகச் சுற்றிய ஏட்டைப் படிக்க இயலாது அல்லவா? ஆகவே, படிக்க வேண்டிய இடத்திற்கு அடையாளம் வேண்டும். ஹிஸ்டோனின் வால் போன்ற நுனியிலுள்ள லைசின்மீது அசெட்டில் என்னும் சிறு அணுக்கூட்டம் ஒட்டுவது அத்தகைய அடையாளங்களுள் ஒன்று. இதற்கும் மரபணுக்களின் செயலுக்கும் தொடர்பு உண்டு என்னும் கருத்தை 1964-இல் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் ஆல்ஃப்ரி வெளியிட்டார்.

அடையாளத்தைக் கண்டு பற்றுவது எது? 1999-இல் நியூயார்க்கில் மிங்-மிங் ஷோவின் குழுவினர் இதற்கு விடை கண்டனர். அது புரோமோடொமைன் என்னும் புரதப் பகுதி. பழ ஈயின் ‘பிரமா’ என்ற மரபணுவிலிருந்து பிறந்த பெயர் இது. நான்கு சுருள்கள் கட்டாக நிற்க, ஒரு முனையில் சிறு குழி. அசெட்டில் ஒட்டிய லைசின் அதில் நன்கு பொருந்தும்; ஒட்டாதது அவ்வாறு பொருந்தாது.

வடிவத்தை அறிந்ததால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பி.ஆர்.டி.4 என்னும் புரதத்தில் இத்தகைய குழிகள் இரண்டு உள்ளன. நட் கார்சினோமா என்பது அரியது. ஆனால் மிகக் கொடிய புற்றுநோய். சிறுவரையும் இளைஞரையும்கூட விடுவதில்லை. அந்நோயாளர் பெரும்பாலோரிடம், இரு குரோமோசோம்கள் முறிந்து இடம் மாறி ஒட்டியதால், பி.ஆர்.டி.4 நட் என்னும் புரதத்துடன் பிணைந்துவிடுகிறது. அப்பிணைப்பு, உயிரணுவை முதிரவிடாமல் பெருகிக்கொண்டேயிருக்கச் செய்கிறது.

2010-இல் பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் பிராட்னரும் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகளும் ஜே.க்யூ.1 என்னும் மூலக்கூற்றை வெளியிட்டனர். அது அசெட்டில் லைசினுக்குரிய குழியில் தானே அமர்ந்தது. புரதம் குரோமாட்டினை விட்டு விலகியது. இப்படிகங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அப்பொருத்தத்தை அணு அணுவாகக் கண்டனர். எலிகளில் கட்டியின் வளர்ச்சி தணிந்தது. அம்மூலக்கூற்றைப் பிற ஆய்வுக்கூடங்களுக்கும் தாராளமாக அனுப்பியமை, பல நாட்டு ஆராய்ச்சிக்கு வழி திறந்தது.

எனினும், எலி வேறு, மனிதர் வேறு. பி.ஆர்.டி.4 நலமுள்ள உயிரணுக்களுக்கும் வேண்டிய புரதமே. இவ்வகை மருந்துகளை நோயாளரிடம் சோதித்தபோது, இரத்தத் தட்டணுக்கள் குறைவது அடிக்கடி காணப்பட்டது. மேலும், மனித உடலில் 61 புரோமோடொமைன்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் குழிகள் ஒன்றையொன்று ஒத்தவை. 2020-இல், முதற்குழிக்கு மட்டும் ஒன்றும் இரண்டாம் குழிக்கு மட்டும் ஒன்றுமாக மருந்துப் பொருள்களை ஆக்கி ஒப்பிட்டனர். முதற்குழியை அடைத்தது புற்றுநோய்ச் சோதனைகளில் பயன் தந்தது. இரண்டாவதை அடைத்தது அழற்சி நோய்ச் சோதனைகளில் பயன் தந்தது.

நான் பல்லாண்டு பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். ஆகையால் ஒன்று கூறி முடிக்கிறேன். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் வகுப்பில் கற்றீர்கள். புரதத்தின் குழியிலும் சில அணுக்களின் வேறுபாடே மருந்தின் பயனை மாற்றுகிறது. அவ்வேறுபாட்டை அளந்தறியும் பணிக்கு இரசாயனம், பௌதிகம், உயிரியல் ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றைத் தனித்தனிப் பாடங்கள் என்று பிரித்து எண்ணாமல் சேர்த்துப் பயிலுங்கள்.