போர் முரசு யார் கையில்?

முற்காலத்தில் இக்கேள்விக்கு விடை எளிது. அரசன் நினைத்தான், முரசு கொட்டிற்று, படை புறப்பட்டது. வயலில் நின்ற உழவனை யாரும் கேட்கவில்லை. மக்களாட்சி தோன்றிய பிறகு விடை அத்துணை எளிதாக இல்லை. போர்க்களத்தில் மடிபவர் மக்கள். போருக்கு வரி கொடுப்பவரும் மக்கள். போர் தொடுக்கும் அதிகாரம் மட்டும் ஒருவர் கையில் இருக்கலாமா?

இவ்வினாவின் கூர்மையை நம் நாடு ஒருமுறை நேரில் உணர்ந்தது. 1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. அன்றே வைஸ்ராய் லின்லித்கோ பிரபு, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். மத்திய சட்டசபையைக் கேட்கவில்லை. மாகாண மந்திரிகளைக் கேட்கவில்லை. கனடாவோ தன் பாராளுமன்றத்தைக் கூட்டி ஆராய்ந்து, ஒரு வாரம் கழித்துச் செப்டம்பர் 10ஆம் நாள் போர் அறிவித்தது. முடி ஒன்று, நாடுகள் இரண்டு. ஒன்றைக் கேட்டார்கள், மற்றொன்றைக் கேட்கவில்லை! இதனைக் கண்டித்துச் சென்னையில் இராஜாஜியின் மந்திரிசபை உட்பட, மாகாணங்களில் இருந்த காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறந்தன.

சட்டம் செய்வது, ஆட்சி நடத்துவது, நீதி வழங்குவது ஆகிய மூன்றும் ஒரே கையில் சேரலாகாது என்றார் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ. இக்கருத்தைப் போர் அதிகாரத்துக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1787இல் பிலடெல்பியாவில் அவர்கள் அரசியல் சட்டம் வகுத்தபோது, போரை ‘நடத்தும்’ அதிகாரம் சட்டசபைக்கு என்றே முதலில் எழுதினர். மாடிசனும் ஜெர்ரியும் அதனைப் போரை ‘அறிவிக்கும்’ அதிகாரம் என்று மாற்றச் செய்தனர். பகைவன் திடீரென்று தாக்கினால் தடுக்கும் உரிமை ஜனாதிபதிக்கு வேண்டும். நாமே போரைத் தொடங்குவதானால் காங்கிரஸ் சபை இசைய வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஜனாதிபதி படைத்தலைவர், ஆனால் பணப்பெட்டியின் சாவி காங்கிரஸிடம்.

ஏட்டில் உள்ளது நாட்டில் நடந்ததா? 1812 முதல் இரண்டாம் உலகப்போர் வரை ஐந்து போர்களிலேயே காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது. கடைசி அறிவிப்பு 1942இல் வந்தது. 1950இல் கொரியாவுக்கு அறிவிப்பின்றியே படை சென்றது. 1964இல் வியட்நாம் பற்றி ஜனாதிபதி ஜான்சன் கேட்ட அதிகாரத்தைக் காங்கிரஸ் அள்ளிக் கொடுத்தது. செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர் இருவரே. மற்றச் சபையில் ஒருவரும் இல்லை. பின்னர் விழித்துக்கொண்டு 1973இல் ஒரு சட்டம் செய்தனர். படையைப் போரில் இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இசைவு கிடைக்காவிடில் 60 நாளில் போரை நிறுத்தவேண்டும். படையை மீட்க மேலும் 30 நாள் தவணை உண்டு. ஜனாதிபதி நிக்சன் மறுத்தும் மூன்றில் இரு பங்கு வாக்கால் அது நிறைவேறியது. எனினும் பூசல் இன்னும் ஓயவில்லை.

நம் அரசியல் சட்டமோ போரை அறிவிப்பவர் இன்னார் என்று தனியே கூறவில்லை. போரும் சமாதானமும் மத்தியப் பட்டியலில் உள்ளன. படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது. ஆனால் அவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே நடக்கவேண்டும். எனவே முடிவு செய்வது மந்திரிசபைதான். முன்னதாகப் பாராளுமன்றத்தின் இசைவு பெறவேண்டும் என்ற விதி இல்லை.

அப்படியானால் பாராளுமன்றத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. செலவுக்குப் பணம் அதுவே தரவேண்டும். போரை முன்னிட்டு நெருக்கடி நிலை பிரகடனம் செய்தால் ஒரு மாதத்துக்குள் இரு சபைகளும் ஏற்கவேண்டும். 1978ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இது இரண்டு மாதமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் சபையின் நம்பிக்கையை இழந்த மந்திரிசபை நிலைக்க முடியாது. 1962இல் சீனப் படையெடுப்பின்போது பாராளுமன்றம் குறித்த நாளுக்கு முன்பே நவம்பர் 8இல் கூடியது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே உறுப்பினர்கள் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டனர். அதனால் நாடு வலுவிழக்கவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸிடம் சாவி இருக்கிறது. பூட்டத்தான் பல சமயம் துணிவதில்லை. நம் பாராளுமன்றத்திடம் அச்சாவி இல்லை. ஆனால் காவல்காரனையே மாற்றும் உரிமை இருக்கிறது. இரண்டும் பயன்படுவது உறுப்பினரின் துணிவைப் பொறுத்தது. அத்துணிவு, கேட்கத் தெரிந்த வாக்காளரைப் பொறுத்தது. களத்துக்கு முதலில் செல்வோர் நம் வயதினர். ஆதலின், கேட்கும் கடமையும் முதலில் நம்முடையதே.