பழைய ஹொண்டா வாங்குமுன்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பி, பண்டத்தரிப்பு, சில்லாலைப் பக்கங்களில் குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் எமது குடும்பங்களுக்கு, சந்தைக்குப் போக மோட்டார் சைக்கிள் ஒன்று தேவைப்படுகிறது. லீசிங்கில் புதியதை எடுத்து, தவணை கட்ட முடியாமல் வண்டியையும் கட்டிய காசையும் இழந்தவர்களை நாம் அறிவோம். ஆகவே பழைய ஹொண்டா ஒன்றைக் கைக்காசுக்கு வாங்க நினைப்பது நல்ல யோசனையே. ஆனால் அந்தக் காசு பெரும்பாலும் மனைவியின் நகையை அடகு வைத்த காசு. பார்த்து வாங்கவேண்டும்.

எமது பகுதியில் ஓடிய பழைய சி.50, சி.90, எம்.டி.90 பெரும்பாலும் மண்ணெண்ணெய் குடித்தவை. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்கவில்லை. சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் தண்ணீராக்கும். றிங்கும் சிலிண்டரும் தேய்ந்துபோகும்.

எனவே எஞ்சின் ஆறியிருக்கும்போதே பாருங்கள். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். கிக்கரைக் கையால் அழுத்தினால் ஓரிடத்தில் எதிர்த்து நிற்கவேண்டும். ஓடும்போது நீலப் புகை விடாமல் வந்தால் ஒயில் எரிகிறது. சிலிண்டர் எத்தனை முறை வெட்டப்பட்டது என்று கட்டாயம் கேளுங்கள். பெரிய பிஸ்டன்கள் வழக்கமாக 0.25 மில்லிமீற்றர்ப் படிகளில் 1.00 வரையே வரும். நான்காவது வெட்டும் முடிந்திருந்தால் லைனர் மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள்.

சி.50இன் உடம்பு தகட்டால் ஆனது. மாதகல் கடற்காற்றில் நின்ற வண்டியானால் அடிப்பக்கத்தைக் காந்தம் வைத்துப் பாருங்கள். துருவை மறைத்துப் பூச்சு அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. ஓர் அந்தர் வெங்காயத்தோடு ஆளும் ஏறினால் சி.50 திணறும். தோட்டக்காரருக்கு சி.90 அல்லது எம்.டி.90 பொருத்தம் என்பது எமது எண்ணம்.

இதையெல்லாம் காசு கொடுத்துத் திருத்தலாம். பத்திரம் அப்படியல்ல. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பலருடைய வாகனப் புத்தகங்கள் தொலைந்தன. பதிவுக்காரர் கனடாவில் இருப்பார், அல்லது இறந்திருப்பார்; வண்டியோ கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு நான்கு கை மாறி வந்திருக்கும். ‘ஸ்ரீ’ இலக்கத் தகடு பழமையைக் காட்டுமே தவிர உரிமையைக் காட்டாது. வண்டியின் சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த இலக்கங்களைத் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அரத்தால் தேய்த்த அடையாளம் தெரிந்தால் விலை பேசாமலே திரும்புங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் பதியப்பட்டதா என்று பாருங்கள்.

வரி கட்டாத ஆண்டுகளின் நிலுவையும் வாங்குபவர் தலையிலேயே விழும். முற்பணம் கொடுக்குமுன், சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தில் வரி நிலுவையையும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் பெயரையும் விசாரித்துக்கொள்ளுங்கள். விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.