கேல்நாக் மாற்று நொதிகள்

கேல்நாக் மாற்று நொதிகள் என்பன புரதங்களின் மீது என்-அசிட்டைல்கேலக்டோசமின் (சுருக்கமாக, கேல்நாக்) என்னும் சர்க்கரையைப் பொருத்தும் ஒரு நொதிக் குடும்பம் ஆகும். மனிதரில் இக்குடும்பத்திற்கு 20 மரபணுக்கள் உள்ளன. யூடிபி என்னும் மூலக்கூறு சுமந்துவரும் கேல்நாக்கை எடுத்து, புரதத்திலுள்ள செரீன் அல்லது திரியோனைன் என்னும் அமினோ அமிலத்தின் ஆக்சிசன் அணுவுடன் இவை பிணைக்கின்றன. இவ்வினை உயிரணுவின் கோல்கி உறுப்பில் நிகழ்கிறது. பின்னர் வேறு நொதிகள் இச்சர்க்கரையின் மேல் மேலும் பல சர்க்கரைகளைத் தொடுக்கின்றன. சளியின் வழவழப்பிற்குக் காரணமான மியூசின் புரதங்கள் இவ்வாறே உருவாகின்றன.

இடத்தைத் தெரிவு செய்தல்

ஒரே வேதிவினைக்கு இருபது நொதிகள் எதற்கு என்னும் கேள்வி இயல்பாகவே எழும். ஆஸ்பரஜின் அமினோ அமிலத்தில் சர்க்கரை ஏற்றப்படும்போது, அவ்விடத்தைக் காட்டும் மூன்று அமினோ அமிலங்களாலான அடையாள வரிசை ஒன்று உண்டு. கேல்நாக் ஏற்றத்திற்கு அத்தகைய பொது அடையாளம் இல்லை. எந்த இடத்தில் சர்க்கரை ஏறும் என்பது, அந்த உயிரணுவில் எந்தெந்த நொதிகள் உள்ளன என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு நொதிக்கும் தனித்தனி விருப்பங்கள் உள்ளன. வினை நிகழ்த்தும் பகுதியுடன், சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் லெக்டின் பகுதியும் இவற்றில் உண்டு. புரதத்தில் ஏற்கெனவே ஏறியுள்ள கேல்நாக்கை லெக்டின் பகுதி பற்ற, அதிலிருந்து சற்றுத் தள்ளி அடுத்த சர்க்கரை பொருத்தப்படுகிறது.

பல இடங்களில் ஒரு நொதியின் வேலையை இன்னொன்று ஈடுசெய்துவிடும். எல்லா இடங்களிலும் அவ்வாறு நிகழ்வதில்லை.

கேல்நாக்-டி3 நொதியும் பாசுபேட்டும்

இதற்குத் தெளிவான சான்று எஃப்ஜிஎஃப்23 என்னும் இயக்குநீர். எலும்பில் உருவாகும் இது, மிகுதியான பாசுபேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுமாறு சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. இதன் சங்கிலியில் 179, 180 ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையே வெட்டு நொதிகள் வெட்டினால் இயக்குநீர் செயலிழக்கும். 178 ஆம் இடத்துத் திரியோனைனில் கேல்நாக்-டி3 பொருத்தும் சர்க்கரை இவ்வெட்டைத் தடுக்கிறது. மாறாக, ஃபேம்20சி என்னும் நொதி 180 ஆம் இடத்துச் செரீனில் பாசுபேட்டை ஏற்றினால் சர்க்கரை ஏறுவது தடைபட்டு, வெட்டு எளிதாகிறது என 2014 இல் கண்டறியப்பட்டது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான கேல்நாக்-டி3 மரபணுவைப் பெற்றவர்களில் எஃப்ஜிஎஃப்23 வெட்டுப்பட்டு வீணாகிறது. குருதியில் பாசுபேட்டு உயர்ந்து, இடுப்பு, தோள், முழங்கை மூட்டுகளைச் சுற்றிக் கால்சியம் பாசுபேட்டு வலிமிக்க கட்டிகளாகப் படிகிறது. இக்குடும்ப நோயின் காரணம் 2004 இல் அறியப்பட்டது. எஞ்சிய 19 நொதிகள் இருந்தும் இக்குறை நிரம்புவதில்லை. சர்க்கரை ஒன்றுதான்; விடுபடும் இடமே நோயாகிறது.

நாட்பட்ட சிறுநீரக நோயில் நிலைமை நேர்மாறானது. எஃப்ஜிஎஃப்23 அளவு கடந்து உயர்கிறது. கேல்நாக்-டி3 நொதியை மட்டும் அடக்கினால் அதைக் குறைக்கலாம். ஆனால் இந்நொதிகளின் வினைப் பகுதிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றை மட்டும் தடுக்கும் வேதிப்பொருளைக் கண்டறிவது கடினம். கேல்நாக்-டி3 நொதியைத் தெரிவுசெய்து தடுக்கும் ஒரு சிறு மூலக்கூறு 2017 இல் ஆய்வக அளவில் அறிவிக்கப்பட்டது.