போனஸும் வருமான வரியும்: கணிப்பொறி போடும் கணக்கு

போனஸ் பட்டுவாடா முடிந்ததும் கூட்டுறவு நிறுவனங்களில் ஒரு முறையீடு தவறாமல் எழுகிறது. "போனஸுக்கு மட்டும் வரி அதிகமாகப் பிடிக்கிறார்களே!" என்று சிப்பந்திகள் வருந்துகின்றனர். காரியதரிசியைக் கேட்டால், "கணிப்பொறி அப்படித்தான் பிடித்தது" என்கிறார். இவ்விடை போதாது. வரியை அதிகமாகப் பிடித்தால் சிப்பந்திக்குக் கஷ்டம்; குறைவாகப் பிடித்தால் சங்கத்துக்கு நஷ்டம். ஆகவே, சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளின் கணக்கு முறையை நிர்வாகிகளும் அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். நமது நாட்டில் போனஸுக்கெனத் தனி வரி விகிதம் கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய தொகைகளில் 22 சதவீதம் என ஒரே விகிதத்தில் வரி பிடிக்கும் முறையுண்டு. இங்கோ போனஸும் சம்பளத்தின் ஒரு பகுதியே. 2025-26 நிதியாண்டுக்குரிய 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192 ஆம் பிரிவுப்படி, சம்பளம் கொடுப்பவர் ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மதிப்பிட்டு, அதற்குரிய வரியை மாதந்தோறும் பிடித்துவர வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். கூட்டுறவு நூற்பாலை ஒன்றின் மூத்த அதிகாரிக்கு மாதச் சம்பளம் ரூ.1,20,000 எனக் கொள்வோம். ஆண்டுக்கு ரூ.14,40,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு ரூ.75,000 போக, ரூ.13,65,000. இதற்கு 2025-26 விகிதப்படி, 4 சதவீத மேல்வரி உள்பட, வரி ரூ.88,140, மாதம் ரூ.7,345. அக்டோபரில் ரூ.1,20,000 போனஸ் வருகிறது. ஆண்டு வரி ரூ.1,06,860 ஆக உயர்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான ரூ.18,720தான் போனஸின் மீதான வரி.

இதை மென்பொருள் இரு விதமாகப் பிடிக்கலாம். முழுவதையும் அக்டோபரிலேயே பிடித்தால், அம்மாதப் பிடித்தம் ரூ.26,065. மார்ச் முடிய 6 மாதங்களுக்குப் பகிர்ந்தால், மாதம் ரூ.10,465. எவ்வழியாயினும் ஆண்டு வரி ஒன்றே. ஏற்றக்குறைச்சலை அவ்வாண்டுக்குள் சரிக்கட்டிக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது.

ஆனால் தவறு நேரும் இடங்கள் இரண்டு உண்டு. போனஸை "ஒருமுறை வரும் தொகை" என்று குறிக்காமல் மாதாந்தரப் படிபோலப் பதிந்துவிட்டால், மீதி 6 மாதங்களிலும் ரூ.2,40,000 வீதம் வருமென்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஆண்டு வரி ரூ.2,30,100 எனக் கணித்து, பகிர்ந்து பிடிக்கும் முறையிலும் அக்டோபரில் ரூ.31,005 பிடித்துவிடும். பிந்திய மாதங்களில் இது குறைந்து சரியாகலாம். பண்டிகைச் செலவுக்கு வேண்டிய பணமோ அதுவரை கைக்கு வராது.

இரண்டாவது, வரித் தள்ளுபடி பற்றியது. கழிவு போக வருமானம் ரூ.12,00,000க்கு மேற்படாவிடில் முழு வரியும் தள்ளுபடியாகிறது. ரூ.11,90,000 வருமானமுள்ளவர் ரூ.30,000 போனஸ் பெற்றால் இவ்வரம்பைத் தாண்டிவிடுகிறார். விகிதப்படி மட்டும் கணக்கிட்டால், மேல்வரியுடன் ரூ.65,520 வரி வரும். போனஸைக் காட்டிலும் வரி இருமடங்குக்கு மேலாகிவிடும்! இந்த அநீதியைத் தடுக்கவே விளிம்பு நிவாரணம் என்ற ஏற்பாடு உள்ளது. வரம்புக்கு மேற்பட்ட ரூ.20,000க்கு அதிகமாக வரி விதித்தலாகாது. அதன்மேல் மேல்வரி ரூ.800. ஆக, சரியான பிடித்தம் ரூ.20,800. இவ்விதியை அறியாத பழைய மென்பொருளை நம்பினால் சிப்பந்தியின் நிலை என்னாகும்?

அஞ்சிக் குறைவாகப் பிடிப்பதும் முறையன்று. பிடிக்கத் தவறிய வரிக்கு மாதம் 1 சதவீத வட்டியைச் சங்கமே செலுத்த நேரும். அது அங்கத்தினர்களின் பணமன்றோ?

எனவே போனஸ் பட்டியலில் கையொப்பமிடுமுன் நிர்வாகிகள் மூன்றைச் சரிபார்க்க வேண்டுகிறோம். போனஸ் ஒருமுறைத் தொகையாகப் பதியப்பட்டுள்ளதா? மென்பொருளில் அவ்வாண்டின் விகிதங்களும் நிவாரணமும் ஏற்றப்பட்டுள்ளனவா? பழைய வரி முறையை நாடும் சிப்பந்தி அதனைத் தெரிவித்திருக்கிறாரா? தெரிவிக்காவிடில் புதிய முறையே கொள்ளப்படும்.

போனஸைச் சேர்த்து ஒருமுறையும் சேர்க்காமல் ஒருமுறையும் ஆண்டு வரியைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். கால்மணி நேர வேலைதான். அக்கணக்கைச் சம்பளச் சீட்டுடன் இணைத்துக் கொடுப்பின், முறையீட்டுக்கே இடமிராது. தறியில் பாவு சரியாக ஓடியிருக்கிறதா என்று பாராமல் நெய்யத் தொடங்குவோர் இல்லை. சம்பளப் பட்டியலுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.