விஞ்ஞானி அல்லாத அறிவியல் ஆலோசகர்

அமெரிக்க அதிபருக்கு முழுநேர அறிவியல் ஆலோசகராக அமர்ந்த முதல் மனிதர் ஜேம்ஸ் கில்லியன். அப்போது அவர் எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவர் அல்லர். 1926இல் அதே கழகத்தில் பொறியியல் நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, அதன் இதழுக்கு ஆசிரியராகி, தலைவர் கார்ல் காம்ப்டனுக்கு உதவியாளராக இருந்து, 1948இல் தலைமைப் பதவிக்கு வந்தவர்.

வெள்ளை மாளிகைக்கு அவர் புதியவரும் அல்லர். திடீர்த் தாக்குதலை எதிர்கொள்வது எப்படி என்று ஆராய அதிபர் ஐசனோவர் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1955 பிப்ரவரியில் அறிக்கை தந்திருந்தார். யு-2 உளவு விமானத் திட்டத்துக்கு உந்துதல் தந்தது அந்தக் குழுதான்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறியது. ஒரு மாதத்துக்குள் லைக்கா என்ற நாயுடன் இரண்டாவது செயற்கைக்கோளும் போய்விட்டது. நவம்பர் 7 இரவு தொலைக்காட்சியில் தோன்றிய ஐசனோவர், விண்வெளிக்குப் போய்த் திரும்பிய ஏவுகணை முனைக்கூம்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். கில்லியனின் நியமனத்தையும் அப்போதே அறிவித்தார். கூம்பைவிட அந்த அறிவிப்புதான் நீண்டகாலம் பயன்பட்டது எனலாம்.

கழகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த கில்லியன், அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கும் தலைவரானார். ராபி, பெத்தே, பர்செல் போன்ற இயற்பியலாளர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய வாதங்களை அதிபருக்குப் புரியும்படி எடுத்துச்சொல்வது கில்லியனின் வேலை. பழைய பத்திரிகை ஆசிரியருக்கு அது கைவந்த கலை.

விண்வெளி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே அன்றைய பெரிய சச்சரவு. தரைப்படையும் விமானப்படையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 1915இல் தொடங்கிய விமானவியல் ஆலோசனைக் குழுவை அடித்தளமாக்கி, ராணுவம் சாராத அமைப்பை உருவாக்கலாம் என்று கில்லியன் தரப்பு பரிந்துரைத்தது. ஐசனோவர் ஏற்றார், 1958 அக்டோபர் 1 அன்று நாசா செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், செயற்கைக்கோள் ஏன் கீழே விழுவதில்லை என்பதுபோன்ற கேள்விகளுக்கு எளிய மொழியில் விடைசொல்லும் கையேடு ஒன்றை அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு எழுதியது. அரசு அதை 15 சென்டுக்கு விற்றது.

1959இல் கில்லியன் விலக, ஹார்வர்டு வேதியியலாளர் கிஸ்டியகோவ்ஸ்கி அந்த இடத்துக்கு வந்தார். கென்னடியின் ஆலோசகரான ஜெரோம் வீஸ்னர் எதிர்வழியில் பயணித்து, 1971இல் எம்.ஐ.டி. தலைவரானார். குழு உறுப்பினர் சிலர் அரசின் திட்டங்களை வெளிப்படையாக எதிர்த்த கசப்பு தொடர, 1973இல் நிக்சன் அந்தக் குழுவையே கலைத்தார்; ஆலோசகர் அலுவலகத்தையும் மூடினார். அலுவலகம் மீண்டும் வந்தது 1976இல். இம்முறை சட்டத்தின் வழியாக.